சுவிஸ் தொலைக்காட்சியும் சேராஃபே கட்டணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை முடியும் நேரத்தில், பெற்றோருக்கு வரும் கடிதங்களை வாசித்துப் பொருள் சொல்லும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். வரிக் கடிதத்துக்கும் மருத்துவக் காப்புறுதிக் கடிதத்துக்கும் அடுத்தபடியாக மக்களைக் குழப்புவது தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம்தான். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த நாட்டின் தொலைக்காட்சி அமைப்பு முழுவதையும் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாதவருக்கு அந்தக் கடிதம் அநியாயமாகவே தோன்றும். கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

சேராஃபே எண்டு ஒரு பில் வந்திருக்கு. உண்மையான பில்லோ, ஏமாத்து வேலையோ?

உண்மையான பில்தான். வானொலி, தொலைக்காட்சிக்காக ஒவ்வொரு வீட்டாரும் செலுத்த வேண்டிய கட்டணத்தை வசூலிக்கும் பொறுப்பை, கூட்டாட்சி அரசின் ஆணைப்படி, 2019 ஜனவரி 1 முதல் சேராஃபே என்ற நிறுவனம் ஏற்றிருக்கிறது. அதற்கு முன் பிலாக் என்ற நிறுவனம் வசூலித்தது. பழைய ஆட்கள் இன்றும் "பிலாக் காசு" என்று சொல்வது அதனால்தான். 2018இல் ஆண்டுக்கு 451 பிராங்காக இருந்த தொகை 2019இல் 365 ஆகவும் 2021இல் 335 ஆகவும் குறைந்தது. 2027இல் 312, 2029இல் 300 என்று மேலும் இரண்டு படிகளில் குறைப்பதென அரசு 2024இல் முடிவு செய்தது.

வழக்கமாக ஆண்டுக்கு ஒரு பில் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்டவும் கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் 2 பிராங் கூடும். இந்தப் பில்லை மட்டும் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். நினைவூட்டல் கடிதத்துக்குப் பின் கடன் வசூல் நடவடிக்கை, அதாவது நாம் எல்லோரும் அஞ்சும் 'பெத்ரைபுங்', தொடங்கும். அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அடுத்த வாடகை வீடு தேடும்போது மிகவும் கஷ்டப்படுவீர்கள்.

எங்கட வீட்டில ரீவியே இல்லை. பிறகேன் நாங்கள் கட்ட வேணும்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பழைய முறையில் கட்டணம் கருவியைச் சார்ந்து இருந்தது. கருவி இல்லாதவர் கட்டத் தேவையில்லை. கைப்பேசியிலும் கணினியிலும் எல்லாம் தெரியத் தொடங்கிய பிறகு, யாரிடம் கருவி இருக்கிறது என்று கண்காணிப்பது பொருளற்றதாகிவிட்டது. ஆகவே 2015 ஜூன் 14 அன்று நடந்த மக்கள் வாக்கெடுப்பில், வீட்டுக்கு ஒன்று என்ற பொதுக் கட்டணம் ஏற்கப்பட்டது. ஏற்றவர்கள் 50.1 சதவீதம், நாடு முழுவதற்குமான வித்தியாசம் 4,000 வாக்குகளுக்கும் குறைவு. கருவி இல்லாத வீடுகள் விலகியிருக்க ஐந்து ஆண்டு அவகாசம் கொடுக்கப்பட்டு, அதுவும் 2023 முடிவோடு தீர்ந்தது.

இப்போது இதை ஒரு வரி போலவே எண்ணிக்கொள்ளுங்கள். தமிழ்ச் சேனல் மட்டும் பார்க்கிறோம், யூடியூப் மட்டும் பார்க்கிறோம் என்பவை காரணமாக ஏற்கப்படுவதில்லை. ஊர் நூலகத்துக்குப் போகாதவரின் வரிப்பணமும் நூலகத்துக்குப் போவதைப் போன்றது இது.

ஒரு வீட்டில நாலு பெடியள் வாடகைக்கு இருக்கிறம். நாலு பேரும் தனித்தனியாக் கட்டோணுமோ?

இல்லை, வீட்டுக்கு ஒரு கட்டணம்தான். பில் ஒருவர் பெயரில் வரும். ஆனால் அந்த வீட்டில் பதிவாகியிருக்கும் வயது வந்த அனைவருமே அந்தத் தொகைக்குக் கூட்டாகப் பொறுப்பாளிகள். சேராஃபே தன் தகவலை ஊராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து எடுக்கிறது. ஆகவே வீடு மாறினாலோ ஒருவர் பிரிந்து போனாலோ ஊராட்சி அலுவலகத்தில்தான் அறிவிக்க வேண்டும். அந்தப் பதிவில் பிழை இருந்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு பில் வரக்கூடும்.

ஆருக்கு விலக்கு இருக்கு? சோசியலில இருக்கிறவைக்கு இல்லையோ?

முதியோர் அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியத்தோடு மேலதிகக் கொடுப்பனவு பெறுவோருக்கு விலக்கு உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அந்தக் கொடுப்பனவு முன்பே தொடங்கியிருந்தால் ஐந்து ஆண்டுகள் வரை பின்னோக்கியும் விலக்குக் கேட்கலாம். நம் முதியவர்கள் பலர் இது தெரியாமல் கட்டி வருகிறார்கள். பெற்றோரின் காகிதங்களை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

சமூக உதவி பெறுவோருக்கு விலக்கு இல்லை. மாதாந்தச் செலவுக்கெனக் கொடுக்கப்படும் தொகைக்குள் இதுவும் அடங்கும் என்பது கணக்கு. மாணவர்களுக்கும் விலக்கு இல்லை. அகதிகளுக்கான பொது விடுதி, முதியோர் இல்லம், மாணவர் விடுதி போன்றவை கூட்டுக் குடியிருப்பாகக் கருதப்படுவதால், கட்டணத்தை அந்த நிறுவனமே செலுத்தும். உள்ளே இருப்பவருக்குத் தனிப் பில் வராது.

இது அரசாங்கத்தின்ர ரீவிதானே? ரூபவாகினி மாதிரி?

அல்ல. எஸ்.ஆர்.ஜி. எனப்படும் இந்த ஒலிபரப்பு நிறுவனம் 1931இல் தொடங்கப்பட்ட, தனியார் சட்டத்தின்கீழ் இயங்கும் ஒரு சங்கம். மொழிப் பகுதிகளில் அதற்குக் கிளைச் சங்கங்கள் உண்டு; பொதுமக்கள் சந்தா கட்டி உறுப்பினராகலாம். கட்டணம் எவ்வளவு என்பதை அரசு தீர்மானிக்கிறது. எந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்பதை அரசு தீர்மானிக்க முடியாது. அரசுத் தொலைக்காட்சி என்றால் என்ன என்பதை அனுபவித்து வந்த நமக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை.

தொலைக்காட்சி 1953 ஜூலையில் சூரிச்சின் பெல்லெரிவ் கலையகத்திலிருந்து சோதனை முயற்சியாகத் தொடங்கியது. முதலில் வாரத்தில் சில மாலைகள் மட்டுமே ஒளிபரப்பு. நிரந்தரச் சேவையானது 1958 ஜனவரியில். மக்கள் இதை வரவேற்றார்கள் என்று எண்ண வேண்டாம். வானொலி, தொலைக்காட்சிக்காக அரசியலமைப்பில் ஒரு பிரிவைச் சேர்க்கலாமா என்று கேட்ட 1957 வாக்கெடுப்பில் அவர்கள் மறுத்தார்கள்; வானொலிக்காகக் கட்டிய பணம் இந்தப் புதுப் பெட்டிக்குப் போய்விடும் என்ற அச்சம் அதில் பெரும்பங்கு வகித்தது. 1976இலும் மறுத்தார்கள். 1984இல்தான் அந்தப் பிரிவு நிறைவேறியது. செய்தித்தாள் உரிமையாளர்களோ, தங்கள் விளம்பர வருமானத்தைக் காப்பதற்காக, விளம்பரம் ஒளிபரப்பாமல் இருந்தால் ஆண்டுக்கு 20 இலட்சம் பிராங் தருகிறோம் என்று எஸ்.ஆர்.ஜி.யோடு ஒப்பந்தமே செய்துகொண்டார்கள். திரையில் விளம்பரம் வந்தது 1965இல்.

90 இலட்சம் சனம் இருக்கிற நாட்டுக்கு ஏன் இத்தனை சேனல்?

ஒரே நாடாக எண்ணினால் அதிகமாகத்தான் தெரியும். மொழிகளாக எண்ணிப் பாருங்கள். டொச், அதாவது ஜேர்மன் மொழி, பேசுவோருக்கு எஸ்.ஆர்.எஃப். மூன்று அலைவரிசைகளை நடத்துகிறது. பிரெஞ்சு பேசுவோருக்கு ஜெனிவாவிலும் லவுசானிலும் இயங்கும் ஆர்.டி.எஸ். இரண்டு, இத்தாலிய மொழிக்கு லுகானோ அருகிலிருந்து ஆர்.எஸ்.ஐ. இரண்டு. ரோமான்ஷ் மொழிக்குக் கூர் நகரில் ஆர்.டி.ஆர். என்ற தனி அலகு இருக்கிறது. அதன் நிகழ்ச்சிகள் மற்ற அலைவரிசைகளில் இடம் பெறுகின்றன. ஒரு நாட்டின் செய்தியறையை நான்கு முறை கட்டுகிறார்கள்.

செலவு எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி. கட்டணத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு டொச் பகுதியிலிருந்து வருகிறது. ஆனால் அந்தப் பகுதிக்குத் திரும்புவது பாதிக்கும் குறைவு. இத்தாலிய மொழிப் பகுதி 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கட்டுகிறது. பெறுவதோ ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பிரெஞ்சுப் பகுதியும் கட்டுவதைவிடக் கூடுதலாகவே பெறுகிறது. மக்கள்தொகைக் கணக்கில் பிரித்தால் இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலத்தால் ஒரு நல்ல மாலைச் செய்தியைக்கூடத் தயாரிக்க முடியாது. அங்குள்ளவர்கள் இத்தாலியின் செய்தியைத்தான் தங்கள் செய்தியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பான்மை மொழிக்காரர் சிறுபான்மை மொழிக்காக ஆண்டுதோறும், முணுமுணுப்போடாயினும், பணம் விட்டுக் கொடுக்கிறார்கள். மொழி ஒன்றுக்காகவே எல்லாவற்றையும் இழந்து இங்கு வந்த நான், இந்தக் கணக்கை முதன்முதலாகப் படித்தபோது பில்லின்மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டேன்.

இந்த நிலையும் ஒரே நாளில் வரவில்லை. 1980கள் வரை பிரெஞ்சுச் செய்தியும் இத்தாலியச் செய்தியும் சூரிச்சில்தான் தயாராயின; அவரவர் மண்ணுக்கு அவை பெயர்ந்தது நீண்ட கோரிக்கைகளுக்குப் பின்தான்.

ரோமான்ஷ் ஆக்கள் எங்களைவிடக் குறைவாம். அவைக்கு ரீவி இருக்கு, தமிழுக்கு ஏன் இல்லை?

எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னது சரிதான். ரோமான்ஷைத் தங்கள் முதன்மை மொழியாகச் சொல்வோர் சுமார் 40,000 பேர். இங்குள்ள ஈழத்தமிழரும் அவர்களின் பிள்ளைகளும் சுமார் 50,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. ஆனால் சட்டம் தலையை எண்ணவில்லை. ரோமான்ஷ் இந்த மண்ணுக்கு வெளியே வேறெங்கும் பேசப்படாத மொழி. 1938இல் மக்கள் வாக்களித்து அதை நான்காவது தேசிய மொழியாக்கினார்கள். அதற்கான ஒலிபரப்பு, நிறுவனத்தின் சட்டப்படியான கடமை. 1963இல் முதல் ரோமான்ஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தது. இன்று 'தெலேஸ்குவார்த்' என்ற சிறு செய்தி நிகழ்ச்சி வருகிறது. பத்து நிமிடம்தான், ஆனால் ஒரு மொழி தன் நாட்டின் திரையில் வார நாட்களில் ஒலிக்கிறது.

குடிபெயர்ந்தோர் மொழிகளுக்கு அவ்வாறான கடமை தொலைக்காட்சியில் இல்லை. ஆனால் கட்டணத்தில் ஒரு பங்கு பெறும் இலாப நோக்கற்ற உள்ளூர் வானொலிகள், எடுத்துக்காட்டாகச் சூரிச்சின் லோரா, பேர்ண் நகரின் ராபே போன்றவை, பல குடியேறிகளின் மொழிகளுக்கு நேரம் ஒதுக்குகின்றன. நம் இளையோர் இந்த வாய்ப்பை இப்போது இருப்பதைவிட நன்றாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

செய்தி விளங்குது, அதுக்குப் பிறகு வாற வானிலை விளங்கேல்லை. ரெண்டும் டொச்தானே?

மாலை 7.30 மணிக்கு வரும் 'தாகஸ்ஷாவ்' செய்தி எழுத்து டொச்சில் வாசிக்கப்படுகிறது. வகுப்பில் நீங்கள் படித்தது அதைத்தான். அதைத் தொடர்ந்து வரும் வானிலையைச் சொல்பவர் சுவிஸ் டொச்சில், அதாவது வீட்டிலும் சந்தையிலும் பேசும் மொழியில், பேசுகிறார். வெள்ளி இரவு நடக்கும் 'அரேனா' அரசியல் விவாதமும் பெரும்பாலான பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளும் சுவிஸ் டொச்சில்தான். நமக்கு இது புதிதல்ல. வானொலியில் செய்தி வாசிப்பவர் வீட்டுத் தமிழில் வாசிப்பதில்லை. நாடகத்தில் செய்தித் தமிழில் பேசினால் சிரிப்பு வரும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இங்கே படித்தவர், அமைச்சர், பேராசிரியர் எவரானாலும் பேச்சுமொழியில் விவாதிப்பதைக் குறைவாக எண்ணுவதில்லை. இதனால் பள்ளியில் எழுத்து டொச்சை மட்டும் படித்த பிரெஞ்சு மொழிக்காரரும் நம்மைப் போலவே 'அரேனா' முன் திணறுகிறார்கள்.

டொச் வகுப்பில் இருப்பவர்கள் முதலில் 'தாகஸ்ஷாவ்', இரவு '10 ஃபோர் 10' ஆகிய எழுத்து டொச் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். சுவிஸ் டொச் நிகழ்ச்சிகளுக்கு எழுத்து டொச்சில் துணையுரை உண்டு. டெலிடெக்ஸ்டில் 777ஆம் பக்கம், அல்லது பெட்டியின் துணையுரைப் பொத்தான். காதில் ஒன்று, கண்ணில் மற்றொன்று என்று ஆறு மாதம் பார்த்தால் வேலைத்தளத்தில் சக தொழிலாளர் பேசுவது பிடிபடத் தொடங்கும். 1974 முதல் வரும் 'காசென்ஸ்டூர்ஸ்' என்ற நுகர்வோர் நிகழ்ச்சியையும் பார்க்கச் சொல்வேன். வாடகை, காப்புறுதி, கைப்பேசி ஒப்பந்தம் ஆகியவற்றில் எங்கே ஏமாறுகிறோம் என்பதை அது காட்டும்.

கேபிளுக்கும் மாசம் மாசம் கட்டுறம். அப்ப ரெண்டு தரம் கட்டுறமோ?

இரண்டும் வேறு வேறு. கேபிள், இணையத் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு நீங்கள் கட்டுவது சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி. சேராஃபே கட்டணம் நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் செலவு. கொண்டுவரும் கூலியைக் குறைக்க வழி உண்டு: எஸ்.ஆர்.ஜி. அலைவரிசைகளின் தளங்களிலும் செயலிகளிலும் நேரலையை இலவசமாகப் பார்க்கலாம். 2020இல் தொடங்கிய 'பிளே சுவிஸ்' தளத்தில் சுவிஸ் படங்களும் தொடர்களும் பிற தேசிய மொழிகளின் துணையுரையோடு கிடைக்கின்றன.

அன்டெனா அல்லது டிஷ் வச்சா சும்மா பாக்கலாமோ?

அன்டெனா இனி உதவாது. தரைவழி ஒளிபரப்பை எஸ்.ஆர்.ஜி. 2019 ஜூன் 3 அன்று நிறுத்திவிட்டது. ஹாட்பேர்ட் என்ற செயற்கைக்கோள் வழியாக வருகிறது. ஆனால் படங்களுக்கும் விளையாட்டுக்கும் இந்த நாட்டுக்கு மட்டுமே உரிமை வாங்கியிருப்பதால் ஒளிபரப்பு பூட்டப்பட்டிருக்கிறது. திறக்க ஓர் அட்டை வேண்டும். தமிழ்ச் சேனலுக்காக வைத்த டிஷ் வேறு கோளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதையும் கவனியுங்கள்.

சுவிஸ் ஆக்களே ஜேர்மன் சேனல்தான் பாக்கினம். பிறகு ஏன் இந்தச் செலவு?

பார்ப்பது உண்மை. மூன்று பெரிய மொழிப் பகுதிகளிலும் தொலைக்காட்சி முன் செலவாகும் நேரத்தில் பாதிக்கும் மேல் வெளிநாட்டுச் சேனல்களுக்கே போகிறது. அந்தச் சேனல்களில் பல சுவிஸ் நாட்டுக்கென்றே தனி விளம்பரங்களை ஒளிபரப்பி இங்கிருந்து பணத்தை எடுத்துச் செல்கின்றன. இங்கே ஒரு தேசியத் தனியார் சேனல் நிலைப்பது கடினம் என்பதற்கு இதுவும் காரணம். ஊடகத் தொழில்முனைவர் ரோகர் ஷவின்ஸ்கி 1994இல் தொடங்கிய டெலிசூரி என்ற சூரிச் வட்டாரச் சேனல் நிலைத்தது. ஆனால் டொச் சுவிஸ் முழுவதற்குமாக அவர் 1998இல் தொடங்கிய டெலி 24, அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் தொடங்கிய டிவி 3 ஆகிய இரண்டும் 2001இல் மூடப்பட்டன. 2006இல் வந்த '3 பிளஸ்' தாக்குப்பிடித்தது.

பக்கத்து நாட்டில் அதே மொழியில் பத்து மடங்கு பெரிய சந்தை இருக்கும்போது, உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றியும் உங்கள் மாநில வாக்கெடுப்பைப் பற்றியும் அங்கிருந்து எவரும் செய்தி சொல்ல மாட்டார்கள். மேலே பார்த்த செலவுக்கு இதுதான் நியாயம்.

எங்கட காசு தனியார் ரீவிக்கும் போகுதாமே?

ஒரு சிறு பங்கு போகிறது. 2015 சட்டத் திருத்தம் 4 முதல் 6 சதவீதம் வரை தனியார் உள்ளூர் வானொலி, தொலைக்காட்சிகளுக்கென ஒதுக்கியது. டெலி பேர்ண், ஜெனிவாவின் லெமான் புளூ, டெலி திச்சினோ போன்ற உரிமம் பெற்ற வட்டாரத் தொலைக்காட்சிகள் இதைப் பெறுகின்றன. பதிலுக்குத் தங்கள் வட்டாரச் செய்தியைத் தர வேண்டும். பீல் நகரில் ஒரே சேனல் டொச்சிலும் பிரெஞ்சிலும் நடக்கிறது. 3 பிளஸ் போன்ற பொழுதுபோக்குச் சேனல்களுக்கு இதில் பங்கில்லை.

கட்டணத்தை எடுத்துவிடச் சொல்லி வாக்கெடுப்பு நடந்ததாம். என்ன நடந்தது?

2018 மார்ச் 4 அன்று, கட்டணத்தை முற்றாக ஒழிக்கக் கோரிய முன்மொழிவு வாக்குக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் எஸ்.ஆர்.ஜி. மூடப்பட்டுவிடும் என்று பலர் உண்மையாகவே அஞ்சினார்கள், ஏனெனில் அதன் வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கட்டணம்தான். முடிவில் 71.6 சதவீதத்தினர் மறுத்தார்கள்; ஆதரித்த மாநிலம் ஒன்றுகூட இல்லை. மக்கள் தாங்களே தங்கள்மேல் விதித்த கட்டணத்தை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். கட்டணத்தை 200 பிராங்காகக் குறைக்கக் கோரும் மற்றொரு முன்மொழிவு 2023இல் கையெழுத்துகளோடு ஒப்படைக்கப்பட்டது. அரசு அதை எதிர்த்து, முதல் பதிலில் சொன்ன 300 பிராங் என்ற குறைப்பைத் தன் பதிலாக முன்வைத்தது.

இந்த வாக்கெடுப்புகளில் குடியுரிமை பெற்றவர் மட்டுமே வாக்களிக்கலாம். சிவப்புக் கடவுச்சீட்டை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு வாக்குக் கடிதத்தைத் திறக்காமலே விடுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். 2015 முடிவு எவ்வளவு சிறு இடைவெளியில் தீர்ந்தது என்பதை இரண்டாம் பதிலில் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

ரீவியில எங்கட சனத்தைப் பற்றிப் பிழையாச் சொன்னா என்ன செய்யலாம்? நாங்கள் வெளிநாட்டுக்காரர்தானே?

செய்ய முடியும், குடியுரிமை வேண்டியதில்லை. நிகழ்ச்சி ஒளிபரப்பாகி 20 நாட்களுக்குள் அந்தந்த மொழிப் பகுதிக்குரிய குறைகேள் அலுவலரிடம் எழுத்தில் முறையிடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அவர் இரு தரப்பையும் கேட்டுத் தன் கருத்தைத் தருவார். அதில் திருப்தி இல்லையென்றால், 30 நாட்களுக்குள் சுயாதீன முறைப்பாட்டு ஆணையத்துக்குப் போகலாம். செய்தி உண்மைக்கு ஏற்றதாக இருந்ததா, ஒரு மக்கள் கூட்டத்தை இழிவுபடுத்தியதா என்பதை அது ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும்.

நிகழ்ச்சி உங்களை நேரடியாகக் குறிப்பிட்டிருந்தால் தனியாகவே முறையிடலாம். அப்படி இல்லாதபோது, ஆணையத்துக்குப் போகும் முறைப்பாட்டை 20 பேர் ஆதரித்துக் கையெழுத்திட வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், சுவிஸ் குடியுரிமையோ பி அல்லது சி வதிவிட அனுமதியோ போதும். தமிழ்ப் பாடசாலை வாசலில் நின்றால் அந்த 20 கையெழுத்தையும் அரை மணி நேரத்தில் சேர்த்துவிடலாம்.